எந்த மாவட்டத்தில் பிறந்தார்?

ஆகஸ்ட் பாதி கடந்துவிட்டால் திருத்தணிப் பள்ளிக்கூடங்களில் ஒரே தலைப்பு சுற்றிவரத் தொடங்கும்: சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5க்கான பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, சுவரில் ஒட்டும் சார்ட் எல்லாவற்றுக்கும் அவர்தான். நாடு முழுக்க இதுதான் நடக்கிறது என்றாலும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் சொந்த ஊர்க்காரர். அப்பாவின் செல்போனை வாங்கிக் கூகுளில் பெயரைத் தட்டுகிறார்கள். கண்ணில் முதலில் படுவதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இதற்குத்தான் பள்ளிகளில் ‘புராஜெக்ட்’ என்று பெயர்.

முதல் வரியிலேயே சிக்கல் இருக்கிறது. பிறந்த ஊர் திருத்தணி என்பதில் தகராறு இல்லை. எந்த மாவட்டம், எந்த மாநிலம் என்று கேட்டால்தான் பக்கத்துக்குப் பக்கம் பதில் மாறுகிறது. ஓரிடத்தில் வட ஆர்க்காடு, ஓரிடத்தில் சித்தூர், இன்னோரிடத்தில் திருவள்ளூர். ஆந்திராவில் பிறந்தவர் என்பார்கள், தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பார்கள். “சார், இதுல எது கரெக்ட்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளை ஆய்வின் வாசலுக்கு வந்துவிட்டதாக நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் பெரும்பாலும் அங்கே கிடைக்கும் பதில், “திருவள்ளூர்னே எழுதுப்பா, அதுதான் இப்ப நம்ம மாவட்டம்.” கேள்வி அதோடு முடிந்துபோகிறது.

முடிய விடாமல் பிடித்துக்கொண்டால் என்னவெல்லாம் வெளியே வருகிறது என்று பாருங்கள். 1888இல் திருத்தணி, சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகர் ஜமீனுக்குள் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், திருத்தணி கே. விநாயகம், தமிழாசிரியர் மங்கலங்கிழார் என்று பலர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், அதன்பின் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்தில். முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997க்குப் பிறகு திருவள்ளூர். திருத்தணி ஆந்திராவுக்குப் போய்த் திரும்பிய ஆண்டுகளில் ராதாகிருஷ்ணன் எங்கே இருந்தார்? டெல்லியில், குடியரசுத் துணைத் தலைவராக. 1952இல் அவர் அந்தப் பதவிக்கு வந்தபோது சென்னை மாநிலத்தில் இருந்த அவருடைய பிறந்த ஊர் அடுத்த ஆண்டு ஆந்திரத்துக்குப் போய், அவர் 1962இல் குடியரசுத் தலைவராவதற்குள் திரும்பி வந்துவிட்டது.

ஆக, முரண்படுவதாகத் தோன்றும் பக்கங்கள் எல்லாமே ஏதோ ஓர் ஆண்டுக்குச் சரியானவைதான். எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத்தான் அவை சொல்லாமல் விட்டுவிட்டன. இதைப் பத்துப் பக்கங்களைத் திறந்து எது அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பத்தும் ஒரே பக்கத்திலிருந்து நகலெடுக்கப்பட்டவையாக இருக்கலாம். “இதை எழுதியவர் எந்த ஆண்டில், எதைப் பார்த்து எழுதினார்?” என்று கேட்டால்தான் கதவு திறக்கும். இன்னொன்றும் உண்டு. திருத்தணியை மீட்ட கதையைத் தமிழ்ப் பக்கங்களில் நிறையப் படிக்கலாம். அதே சட்டத்தின்படி சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போனதை எத்தனை பக்கங்கள் சொல்கின்றன? சட்டத்தின் வாசகம் இணையத்திலேயே இருக்கிறது. திருத்தணி வட்டம், பள்ளிப்பட்டு என்று இந்தப் பக்கம் வந்தவையும் அந்தப் பக்கம் போனவையும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் தமிழ் பேசும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. அந்தச் சட்டத்தை அவர்கள் சேர்ந்து படிப்பதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

தேடத் தெரியாதவர்கள் கிராமத்துப் பிள்ளைகள் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்போர்டின் இளங்கலை மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். மாணவர்களும், வரலாற்றாளர்களில் பலரும், பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். அழகான முகப்பு, கனமான பெயர், நீண்ட மேற்கோள் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்துக்குள் வந்த உடனேயே வெளியே போனார்கள். புதிய தாவல்களைத் திறந்து, இந்தப் பக்கத்தை நடத்துபவர் யார், இவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் விசாரித்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. ‘ஊன்றிப் படி’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தந்த நமக்கு இது சங்கடமான முடிவு. ஊன்றிப் படிக்கத் தகுந்ததா என்று முதலில் விசாரிக்கவும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பிறந்த நாளுக்கு வருவோம். 1888 செப்டம்பர் 5. ஆசிரியர் தினமே அதில்தான் நிற்கிறது. ஆனால் அவருடைய மகனும் இந்தியாவின் முதன்மையான வரலாற்றாசிரியர்களில் ஒருவருமான சர்வபள்ளி கோபால், 1989இல் வெளிவந்த தன் தந்தையின் வாழ்க்கை வரலாற்றில், பதிவேட்டில் உள்ள தேதி இது, தந்தையோ 1887 செப்டம்பர் 20தான் தன் உண்மையான பிறந்த நாள் என்று நம்பினார் என்கிறார். பள்ளிச் சேர்க்கையின்போது வாத்தியார் போட்ட தேதியே ஆயுளுக்கும் பிறந்த நாளாகிவிட்ட தாத்தா பாட்டிகள் நம் வீடுகளிலும் உண்டு, அதனால் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். புரியாதது, கட்டுரையில் என்ன எழுதுவது என்பதுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள், ஏனென்றால் தேர்வுத்தாளில் அவர்களுக்கு ஒரே கோடிட்ட இடம்தான் உண்டு. “பதிவில் உள்ள தேதி இது, மகன் எழுதிய நூல் சொல்வது அது” என்று இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதலாம், அப்படி எழுதினால் மதிப்பெண் குறையாது என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இனிக் கடினமான இடம். இந்தத் தலைப்பைத் தேடும் பிள்ளை ஆசிரியர் தினத்தை ஒட்டி யாரோ பகிரும் ஒரு பதிவை எப்படியும் சந்திக்கும். ராதாகிருஷ்ணன் தன் மாணவர் ஒருவரின் ஆய்வைத் திருடியவர் என்று அது ஆத்திரத்தோடு சொல்லும். தன் ஊரின் பெருமை என்று நம்பி வந்த ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? பெரியவர்கள் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். “அதெல்லாம் பொய், படிக்காதே” என்று போனை வாங்கி வைக்கிறோம். அல்லது நமக்கே அவர்மேல் ஏதோ கசப்பிருந்தால் அந்தப் பதிவை நாமும் பகிர்கிறோம். இரண்டுமே பிள்ளையைக் கைவிடுவதுதான்.

தெரிந்ததைச் சொல்கிறேன். ஜதுநாத் சின்ஹா என்ற வங்காளத் தத்துவ அறிஞர், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பிரேம்சந்த் ராய்சந்த் ஆய்வுதவிக்காக 1920களின் தொடக்கத்தில் இந்திய உளவியல் பற்றிய ஆய்வேட்டைப் பகுதி பகுதியாக அளித்தார். அதை மதிப்பிட்டவர்களில் அப்போது கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த ராதாகிருஷ்ணனும் ஒருவர். 1927இல் ராதாகிருஷ்ணனின் ‘இந்தியத் தத்துவம்’ இரண்டாம் தொகுதி வந்தது. அதில் தன் ஆய்வேட்டின் பகுதிகள் இருப்பதாக 1929 ஜனவரியில் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் சின்ஹா எழுதினார். இதழின் ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி. ராதாகிருஷ்ணன் அதே இதழில் மறுத்து எழுதினார்: இருவரும் எடுத்துக்கொண்டவை ஒரே வடமொழி நூல்கள், ஒரே மூலத்தைச் சொல்லும்போது ஒற்றுமை வரத்தான் செய்யும். தன் நூலின் கையெழுத்துப்படி வெளியீட்டுக்கு வெகுமுன்பே ஆயத்தமாகிவிட்டது என்பது அவர் தரப்பின் இன்னொரு வாதம். சில மாதங்களுக்கு இந்தக் கடிதப் போர் நடந்தது. 1929 ஆகஸ்டில் சின்ஹா கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் 20,000 ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். ராதாகிருஷ்ணன், சின்ஹா மீதும் ராமானந்தர் மீதும் ஒரு லட்சம் ரூபாய் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். 1933இல் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி வழக்குகள் முடிந்தன. சமரசத்தின் நிபந்தனைகள் பொதுவெளியில் வைக்கப்படவில்லை. நீதிமன்றம் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இதற்குமேல் அந்தப் பிள்ளை என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். ‘மாடர்ன் ரிவ்யூ’வின் பழைய இதழ்கள் இன்டர்நெட் ஆர்கைவில் படமாக எடுக்கப்பட்டுக் கிடைக்கின்றன; கடிதங்களை அச்சான வடிவிலேயே பார்க்கலாம். சின்ஹாவின் ஆய்வு 1934இல் லண்டனில் நூலாக வந்தது. கோபாலின் நூலும் இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறது; பேசுபவர் மகன் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ‘திருடினார்’ என்று எழுதும் பதிவுக்காரர் இவற்றில் எதைப் பார்த்தார் என்று கேட்கலாம். வழக்கையே சொல்லாத வாழ்க்கை வரலாற்றுப் பக்கங்களை எழுதியவர்கள் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் முழுதும் புரியாது, தத்துவம் புரியாது. ஆனால் ஒரு குற்றச்சாட்டு, அதற்கு ஒரு மறுப்பு, தீர்ப்பில்லாத ஒரு முடிவு என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க அதற்கு முடியும். ‘குற்றம் சாட்டப்பட்டார்’ என்பதற்கும் ‘குற்றம் செய்தார்’ என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை ஒரு முறை உணர்ந்துவிட்ட பிள்ளை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் பக்கத்துத் தெருக்காரரைப் பற்றி ஒரு செய்தி வரும்போது அதை எடுத்தவுடன் அனுப்பாது என்று உறுதியாக நம்புகிறேன். ராதாகிருஷ்ணன் மேல் எனக்குள்ள மரியாதை இந்த வழக்கைச் சொல்வதால் குறையவில்லை. சின்ஹா என்ற இளம் ஆய்வாளர் தன் உழைப்புக்காகப் பெரிய பேராசிரியர் ஒருவரை எதிர்த்து நின்றதற்கும் மரியாதை செய்யத் தோன்றுகிறது. இரண்டு மரியாதையும் ஒரே மனத்தில் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

திருட்டு எது, ஒற்றுமை எது என்ற கேள்வியை நம் உயர்கல்வி இன்று ஒரு சதவீத எண்ணாக ஆக்கி வைத்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். நல்ல நோக்கம்தான். ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் இதிலிருந்து கற்றுக்கொண்டது, சொற்களை மாற்றிப் போட்டு எண்ணைக் குறைக்கும் வித்தையை. கருத்தை எடுத்துக்கொண்டு சொன்னவர் பெயரை விட்டுவிட்டால் மென்பொருளுக்குத் தெரியாது. எடுத்த இடத்தைச் சொல்லும் பழக்கம் ஆறாம் வகுப்பில் வர வேண்டியது. “இது எங்க பாட்டி சொன்னது”, “இது இந்தப் புத்தகத்தில் இத்தனையாம் பக்கம்” என்று நோட்டின் ஓரத்தில் எழுதச் சொன்னால் போதும்.

இப்போது தேடவே வேண்டாம், கேட்டால் போதும் என்றாகிவிட்டது. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் தங்குதடையில்லாத தமிழில் பதில் வருகிறது. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர்கள் இருவர் அது கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்தார்கள். அப்படி வழக்குகளே இருந்ததில்லை. 5,000 டாலர் அபராதம். சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி. இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுக்கக்கூடிய ஒன்றை எதிர்கொள்ளும் பிள்ளைக்கு ‘இந்த நூல் உண்மையிலேயே இருக்கிறதா’ என்று போய்ப் பார்க்கும் கால் வேண்டும்.

திருத்தணியில் அந்தக் கால்களுக்கு வேலை இருக்கிறது. முருகன் மலையை நோக்கிப் போகும் கூட்டம் அவ்வளவாக எட்டிப் பார்க்காத வீரட்டானேசுவரர் கோயில் இங்கே உண்டு. பல்லவ அரசன் அபராஜிதனின் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பவர் எடுத்த கற்றளி. அதைப் பற்றிய ஒரு வெண்பா அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது; அதைப் பாடியவர் அரசனே என்றும் கல்வெட்டே சொல்கிறது. பல்லவர் கல்வெட்டுகளைக் கொண்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ 12ஆம் தொகுதியில் இதன் பாடம் அச்சாகியிருக்கிறது. அந்தத் தொகுதி இணையத்திலும் கிடைக்கிறது. காலையில் திரையில் படித்ததை மாலையில் சுவரில் தொட்டுப் பார்க்கும் பாக்கியம் உலகத்தில் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு! எழுத்து புரியாது, பாதி தேய்ந்திருக்கும், பரவாயில்லை. இணையத்தில் ஒருவர் எழுதிவைத்த வரி கடைசியில் ஏதோ ஒரு பொருளில், ஒரு கல்லில், ஓலையில், பழுப்பேறிய தாளில் போய் முடிய வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தொடுதலில் பிறக்கும்.

முத்துசுவாமி தீட்சிதர் கதையும் அப்படித்தான். இந்த மலையில் முருகன் முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு போட, அவருடைய முதல் கிருதி பிறந்தது என்பார்கள். தீட்சிதர் 1835இல் மறைந்தார். அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, தீட்சிதரின் வரலாற்றுக்கு நம் கைக்குக் கிடைக்கும் முக்கியமான பழைய அச்சு ஆதாரங்களில் ஒன்று. அது தெலுங்கில் அச்சானது. திருத்தணி வகுப்பறையில் தெலுங்கு படிக்கத் தெரிந்த அம்மாவோ தாத்தாவோ உள்ள பிள்ளைக்கு அந்தப் பக்கம் திறந்தே இருக்கிறது. சென்னையில் பெரிய பள்ளியில் படிக்கும் பல பிள்ளைகளுக்கு அது பூட்டிய பக்கம். பக்திக்கதையைப் பொய் என்று நிரூபிப்பது பாடத்தின் வேலை இல்லை. யார், எப்போது, யாரிடம் கேட்டு எழுதினார் என்பதைப் பக்கத்தில் குறித்துவிட்டால் கதை கதையாகவே மதிப்போடு நிற்கும்.

கருவிகளைக் கொடுப்பதில் தமிழ்நாடு பின்தங்கவில்லை. மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே மாவட்டத்தின் காக்களூரில்தான் தொடங்கியது. படிப்பதற்கும் தமிழில் பண்டம் இருக்கிறது: 1998 முதல் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் நூலகம் தளம். பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பெயர்களே தெரியாது. யூடியூபும் கூகுளின் முதல் வரியும்தான் அவர்களுடைய இணையம். கொடுத்த கருவிக்குரிய வகுப்பை நாம் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

அந்த வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பீகாரில் நடந்த இரண்டு ஆய்வுகள் எனக்கு வழிகாட்டுகின்றன. சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியலறிவியலாளர் 2019 தேர்தலை ஒட்டி அங்கே 1,224 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். பொய்ச்செய்தியை அடையாளம் காண வீட்டுக்கே போய் ஒரு மணிநேரம் நேரில் பயிற்சி. பெரிய பலன் இல்லை. பிறகு அவரும் வேறு சில ஆய்வாளர்களும் சேர்ந்து, மாநில அரசின் துணையோடு 583 கிராமங்களில் 13,500 பள்ளி மாணவர்களிடம் போனார்கள். இந்த முறை நூலகங்களில் வகுப்பு, ஏறத்தாழ 14 வாரங்களில் நான்கு அமர்வுகள். பிள்ளைகள் உண்மையையும் பொய்யையும் பிரிப்பதில் தெளிவாக முன்னேறினார்கள். மாதங்கள் கழித்தும் அந்தத் தெளிவு நின்றது. அவர்களுடைய பெற்றோரிடம்கூட மாற்றம் தெரிந்தது. ஒருநாள் கருத்தரங்கு, ஒரு பதாகை, ஒரு குழுப்படம் என்று முடிக்கும் நம் வழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மனத்தின் பழக்கம் மாறக் காலம் தர வேண்டும். வகுப்பின் நடுவில் “எனக்கும் தெரியலப்பா, வா தேடிப் பார்ப்போம்” என்று பிள்ளைகள் முன் சொல்லும் ஆசிரியரும் வேண்டும். அப்படிச் சொல்வதைக் கேட்டிராத பிள்ளைக்கு, தெரியாததைத் தெரியாது என்று கட்டுரையில் எழுத எங்கிருந்து துணிச்சல் வரும்?

திருத்தணியில் நான்கு வகுப்பு என்றால் இப்படி அமைக்கலாம். ஆகஸ்டில் முதல் வகுப்பு, மாவட்டக் கேள்விக்கு: எல்லை மாற்றச் சட்டத்தின் வாசகத்தோடு, தமிழ் வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் சேர்ந்த குழுக்களாக. செப்டம்பர் 5க்கு முன்னால் இரண்டாவது, பிறந்த நாளுக்கு. அக்டோபரில் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு நடந்து போய்ச் சுவரைப் பார்த்து வருவது. நூலகத்தில் அந்தக் கல்வெட்டுத் தொகுதியைத் திறந்து வைப்பது. கடைசி வகுப்பு 1929ஆம் ஆண்டு வழக்குக்கு. அதற்கு மட்டும் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒதுக்க வேண்டும், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு ஒன்று போதாது.